காசு போகும் முன்னே, கருவி வரும் பின்னே

இன்னும் உருவாகாத ஒரு பொருளுக்கு ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே பணம் கட்ட, அந்தப் பணத்தைக் கொண்டே அப்பொருள் செய்யப்படும் முறை கூட்டு நிதி திரட்டல் எனப்படுகிறது. 2008இல் இண்டிகோகோவும் 2009இல் கிக்ஸ்டார்ட்டரும் இதற்கான இணையத்தளங்களைத் தொடங்கிய பின்னர், கைக்கடிகாரம் முதல் திரைப்படம் வரை எத்தனையோ இவ்வழியில் பிறந்துள்ளன. ஆயினும் ஆர்வத்தையும் ஐயத்தையும் ஒரே அளவில் கிளப்பும் பொருள் எதுவெனத் தேடினால், லினக்ஸில் இயங்கும் கையடக்கக் கணினியே முன்னால் வந்து நிற்கும். லினக்ஸ் என்பது மூலநிரல் திறந்து விடப்பட்ட, எவரும் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய இயங்குதளம். ஆன்ட்ராய்டு கைபேசிகளின் அடியிலும் அதன் மையப் பகுதியான கெர்னலே இருக்கிறது என்றாலும், அந்தத் திறந்த தன்மை கைபேசியை வாங்கியவரின் கைக்கு வந்து சேர்வதில்லை. எதை நீக்கலாம், எத்தனை ஆண்டுகளுக்குப் புதிய பதிப்புகள் கிடைக்கும், கருவி எப்போது பழசாகும் என்பவற்றை உற்பத்தியாளரே தீர்மானிக்கிறார். அந்த அதிகாரத்தைப் பயனரிடம் ஒப்படைக்கும் சிறிய கருவியொன்று வேண்டும் என்ற ஏக்கம் கால் நூற்றாண்டாகத் தீராமல் இருப்பதால், ஒவ்வொரு புதிய அறிவிப்பு வரும்போதும் பணம் கட்ட முந்துபவர்களும் உண்டு, போன தடவை பட்டது போதும் என்று ஒதுங்குபவர்களும் உண்டு.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வடக்கே, களப்பும் கடலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த சிலாபத்திலிருந்து பார்க்கும்போது இந்த விவாதத்தின் எடை கூடுகிறது. வசதியான ஐரோப்பிய நகரமொன்றில் 200 டொலரை இழப்பவருக்கு அது ஒரு பொழுதுபோக்குச் செலவாகக் கழிந்துவிடலாம். சிலாபத்தில் அது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பங்கை விழுங்கும் தொகை. அதே வேளை, தமிழும் சிங்களமும் ஒரே சந்தையிலும் ஒரே மீன் ஏலத்திலும் புழங்கும் இக்கரைக்கு, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய கருவி தரும் பயனும் பெரிது. ஆகவே ஐயம் கொள்பவர் பணத்தைப் பற்றிச் சொல்வதிலும் ஆர்வம் கொள்பவர் கருவியைப் பற்றிச் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரு தரப்பாரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி, கருவியைச் செய்த நிறுவனம் நாளை இல்லாமற் போனால் வாங்கியவரிடம் என்ன மிஞ்சும் என்பதே.

இக்கேள்விக்குத் தென்னாசியாவிலேயே ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் கணினியியல் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், வினய் தேஷ்பாண்டே முதலான என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து, கிராமத்து மனிதர் தம் மொழியிலேயே பயன்படுத்தத்தக்க மலிவான கையடக்கக் கணினி ஒன்றை 1998இல் கற்பனை செய்தனர். எளிமை, மலிவு, பன்மொழி என்ற மூன்று குணங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து அதற்குச் சிம்பியூட்டர் என்று பெயரிட்டு, இலாப நோக்கற்ற சிம்பியூட்டர் அறக்கட்டளையையும் நிறுவினர். 2001 ஏப்ரலில் மாதிரி வடிவம் வெளியிடப்பட்டபோது அதைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதாத நாளில்லை என்னும்படியான வரவேற்பு கிடைத்தது. ஐபோன் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, தொடுதிரையும் 206 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள நுண்செயலியும் லினக்ஸும் கொண்ட அக்கருவி, ஒரு பனையோலைச் சுவடியின் துண்டு போலக் கைக்குள் அடங்கியது.

அதன் வடிவமைப்பில் இருந்த சமூகச் சிந்தனை இன்றும் நின்று கவனிக்கத்தக்கது. ஒரு கிராமத்தில் எல்லோராலும் கருவியை வாங்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, கருவி பொதுவாக இருக்க, ஒவ்வொருவரிடமும் தத்தம் விவரங்களைத் தாங்கிய நுண்ணட்டை ஒன்று மாத்திரம் இருக்கும்படி அவர்கள் அமைத்திருந்தனர். அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகும், எடுத்தால் அடுத்தவருடையதாகும். படிக்கத் தெரியாதவருக்காகத் திரையிலுள்ள எழுத்தை இந்திய மொழிகளில் ஒலியாக்கிச் சொல்லும் மென்பொருளும் அதற்கென எழுதப்பட்டது. 2004இல் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் உற்பத்தியில் வெளிவந்த அமிடா சிம்பியூட்டரில், கருவியின் சாய்வை உணரும் உணரியும் இருந்தது. கையைச் சற்றுச் சாய்த்தால் பக்கம் புரளும். இன்று திறன்பேசிகளில் சாதாரணமாகிவிட்ட இத்தகைய உணரியை அன்று கண்டவர்கள் வியந்ததில் வியப்பில்லை.

எனினும் சந்தை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 9,000 ரூபாய் என்ற இலக்கு விலை, விற்பனைக்கு வந்தபோது மிகக் குறைந்த வடிவத்துக்கே 9,950 இந்திய ரூபாயாகவும் வண்ணத்திரை கொண்டதற்கு ஏறத்தாழ இரட்டிப்பாகவும் ஆயிற்று. கற்பனைக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் சாதாரணக் கைபேசியின் விலை சரசரவென்று இறங்கியது. எதிர்பார்த்த பெரிய அரசுக் கொள்வனவுகளும் வரவில்லை. முதலாண்டில் 50,000 கருவிகள் விற்கும் என்று நம்பியிருந்த இடத்தில் ஏறத்தாழ 4,000 மட்டுமே விற்றன, அவற்றிலும் கிராமங்களைச் சென்றடைந்தவை சிறுபகுதியே. தோல்வி என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் இத்திட்டத்தில் பொதுமக்கள் எவரும் முன்பணம் கட்டியிருக்கவில்லை என்பதும், ஆறு ஆண்டுத் தாமதத்தின் சுமையைச் செய்தவர்களே தாங்கினர் என்பதும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். மேலும், வன்பொருள் வடிவமைப்பை எவரும் பெற்றுக் கருவி செய்யலாம், ஆனால் தாம் செய்த மாற்றங்களை ஓராண்டுக்குள் மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்ற விதியோடு அவர்கள் எழுதிய சிம்பியூட்டர் பொது உரிமம், மென்பொருளுக்கு இருந்த கட்டற்ற உரிமத்தை வன்பொருளுக்கு விரித்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று. அதன் வழிவந்த கருவிகள் இந்தியத் தரைப்படையின் பயன்பாட்டுக்கும் சென்றன. திட்டம் தளர்ந்த பின்னும் இவ்வாறு சில மிஞ்சின.

கூட்டு நிதி திரட்டல் வந்தபோது தாமதத்தின் சுமை செய்பவரிடமிருந்து பணம் கட்டுபவருக்கு இடம் மாறியது. நம்மூர்ச் சீட்டை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம்: சீட்டிலும் பலர் சேர்ந்து பணம் கட்டுகின்றனர், ஒருவர் முதலில் எடுக்கிறார். ஆனால் சீட்டுப் பிடிப்பவரின் வீடு எது, அவருடைய அண்ணன் யார், கோயில் திருவிழாவில் அவர் எங்கே நிற்பார் என்பதெல்லாம் கட்டுபவருக்குத் தெரியும்; தவணை தவறினால் வாசலில் போய் நிற்க முடியும். இணையத்தில் நிதி திரட்டுபவர் மூன்று கடல்களுக்கு அப்பால் இருக்கிறார். அவருக்குப் பணம் கட்டுபவர் வழக்கமான வாடிக்கையாளரும் அல்லர், பங்குதாரரும் அல்லர். கருவி வெற்றி பெற்றால் இலாபத்தில் பங்கில்லை. தோற்றால் நட்டத்தில் மட்டும் முழுப் பங்கு உண்டு. தாம் கடை நடத்தவில்லை என்று கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே 2012 செப்ரெம்பரில் வெளிப்படையாக அறிவித்து, இல்லாத கருவியை இருப்பதுபோல் காட்டும் கணினிப் படங்களை வன்பொருள் திட்டங்களில் தடை செய்தது.

ஐயத்துக்கு எண்களும் துணை நிற்கின்றன. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஈத்தன் மோலிக், 2014இல் வெளியிட்ட ஆய்வில் நிதி பெற்ற திட்டங்களுள் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை சொன்ன காலத்தில் பொருளைக் கொடுக்கவில்லை என்று கண்டார். அடுத்த ஆண்டு கிக்ஸ்டார்ட்டரில் பணம் கட்டிய ஏறத்தாழ 47,000 பேரிடம் கேட்டறிந்தபோது, வாக்களித்ததைக் கொடுக்கவே தவறிய திட்டங்கள் ஒன்பது சதவீதம் என்று தெரிந்தது. பத்தில் ஒன்பது எப்படியோ வந்து சேர்கிறது என்று ஆர்வலர் இதை வாசிப்பார். பத்தில் ஒன்று வருவதேயில்லை, வருபவற்றிலும் பெரும்பாலானவை நேரத்துக்கு வருவதில்லை என்று ஐயவாதி வாசிப்பார். இருவரும் ஒரே எண்ணைத்தான் வாசிக்கின்றனர்.

தாமதம் ஏன் நேர்கிறது என்பதைப் பண்டோரா என்ற கருவியின் வரலாறு போல் வேறெதுவும் விளக்காது. சிறிய விசைப்பலகையும் விளையாட்டுப் பொத்தான்களும் 4.3 அங்குலத் திரையும் கொண்ட இந்த லினக்ஸ் கருவியை, பெரிய நிறுவனம் எதன் ஆதரவும் இன்றி ஆர்வலர் சிலர் வடிவமைத்தனர். கிக்ஸ்டார்ட்டர் பிறப்பதற்கு முன்பே, 2008 செப்ரெம்பர் 30ஆம் திகதி முன்பதிவு திறக்கப்பட்டபோது முதல் 4,000 கருவிகளுக்கான இடங்கள் மளமளவென்று நிரம்பின. அவ்வாண்டு இறுதிக்குள் வரும் என்று சொல்லப்பட்டது. முதற்கருவிகள் பயனரைச் சென்றடைந்தது 2010 மே மாதத்தில். பொருளைக் கொடுக்காமல் இவ்வளவு காலம் பணத்தை வைத்திருக்க முடியாது என்று கடனட்டை வழியாக வந்த தொகை திருப்பப்பட்டதால், மீண்டும் பணம் கட்டும்படி பலரைக் கேட்க வேண்டியதாயிற்று. பெட்டியின் அச்சில் குறை, விசைப்பலகையில் குறை, அமெரிக்காவின் டெக்சாஸில் செய்யப்பட்ட சுற்றுப்பலகைகளில் பழுதானவை அதிகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த இடர்களுக்குப் பிறகு உற்பத்தி ஜேர்மனிக்கு மாற்றப்பட்டது. முன்பதிவு செய்தோரில் சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். இத்தனைக்கும் இதில் மோசடி எதுவும் இல்லை. செய்தவர்கள் நேர்மையானவர்கள், திறமையானவர்கள். ஆனால் ஒரு மாதிரியைச் செய்வதும் நாலாயிரம் கருவிகளை ஒரே தரத்தில் செய்வதும் வெவ்வேறு தொழில்கள் என்பதைப் பிறர் பணத்தில் கற்றனர். அதே குழுவின் அடுத்த கருவியான பைரா 2016இல் முன்பதிவைத் தொடங்கி 2020இன் இறுதியிலேயே கைகளுக்கு வரத் தொடங்கியது என்பதால், கற்ற பாடமும் தாமதத்தை ஒழிக்கவில்லை.

பின்லாந்தின் ஜொல்லா நிறுவனத்தின் கதையில் நேர்ந்தது வேறு. நோக்கியாவை விட்டு வெளியேறியவர்கள் தொடங்கிய அந்நிறுவனம், செயில்ஃபிஷ் என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கைக்கணினிக்காக 2014 நவம்பரில் இண்டிகோகோவில் 380,000 டொலர் கேட்டு, இறுதியில் 2.5 மில்லியன் டொலருக்கு மேல் பெற்றது. மறுஆண்டு நிறுவனம் கடன் நெருக்கடியில் விழுந்தது. கருவிக்கான பாகங்கள் கிடைக்கவில்லை. சில நூறு பேருக்கே கருவி கிடைத்தது. மற்றவர்களுக்குப் பணத்தில் பாதியை முதலிலும் மீதியை நிலைமை சீரானால் பின்னரும் தருவதாக 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. கேட்டதைவிட ஆறு மடங்கு பணம் வந்தும் கருவி வராமற் போகலாம் என்பது இங்கு கவனத்துக்குரியது. இதற்கு நேர்மாறாக, உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2013இல் உபுண்டு எட்ஜ் என்ற கைபேசிக்காக 32 மில்லியன் டொலர் கேட்டு, ஒரே மாதத்தில் 12.8 மில்லியன் வரை உறுதிமொழி பெற்றும், இலக்கை எட்டாததால் முழுவதையும் திருப்பிக் கொடுத்தது. தோற்ற திட்டத்தில் எவரும் ஒரு சதமும் இழக்கவில்லை. வென்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இழந்தனர்.

சி.எச்.ஐ.பி. என்ற ஒன்பது டொலர்க் கணினியின் முடிவு இன்னும் நுணுக்கமானது. அமெரிக்காவின் நெக்ஸ்ட் திங் நிறுவனம் 2015இல் கிக்ஸ்டார்ட்டரில் இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் திரட்டி அதைச் செய்து கொடுத்தது. திரையும் பொத்தான் விசைப்பலகையும் சேர்ந்த பொக்கெட்சிப் என்ற கையடக்க வடிவமும் வந்தது. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. கருவியில் இயங்குதளத்தை மீண்டும் ஏற்ற வேண்டுமானால் அந்நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தே செய்யும்படி அமைத்திருந்ததால், தளம் மறைந்ததும் நல்ல நிலையிலிருந்த கருவிகளும் முடங்கும் ஆபத்து வந்தது. முன்யோசனையுள்ள பயனர் சிலர் கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்திருந்தமையே அவற்றைக் காப்பாற்றியது. இதற்கு மேலான பாதுகாப்பு ஒன்றும் இருந்தது. நிறுவனம் உயிரோடு இருந்தபோதே, கருவியின் பாகங்களைக் கெர்னல் அடையாளம் காண்பதற்கான நிரல்களில் பெரும்பகுதியை உலகப் பொதுவான மூலக் கெர்னலில் சேர்ப்பதற்கு வல்லுநர்களைப் பணம் கொடுத்து அமர்த்தியிருந்தது.

மூலக் கெர்னல் என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் பொறுப்பில் வெளியாகும் பொதுப் பதிப்பு. ஒரு கருவிக்கான நிரல்கள் அதில் ஏறிவிட்டால், செய்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதிய பதிப்புகள் அக்கருவியில் ஓடுவதற்கு வழி திறந்திருக்கும். ஏறாவிட்டால், நிறுவனம் தன் கையிலுள்ள பழைய பதிப்போடு நின்றுவிடும் நாளில் கருவியின் ஆயுளும் நின்றுவிடும். விளம்பரப் படத்தில் இதைக் காட்ட முடியாது; ஆகவே விளம்பரத்தில் இது வருவதில்லை. நுண்செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு, பெட்டியின் வழவழப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பணம் கட்டுபவர், இந்த ஒன்றைக் கேட்காவிட்டால் மற்ற எதைக் கேட்டும் பயனில்லை.

நிறுவனத்தைத் தாண்டி மிஞ்சும் நிரலுக்கு லிப்ரெம் 5 என்ற கைபேசி சிறந்த சான்று. பியூரிசம் நிறுவனம் 2017இல் இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் திரட்டி, 2019 ஜனவரியில் கருவியைத் தருவதாகச் சொன்னது. முதற்கருவிகள் அவ்வாண்டு செப்ரெம்பரில் வந்தன. பெருந்தொகை உற்பத்தி 2020இன் இறுதியில் தொடங்கியது. அதன் பிறகும் பலர் நீண்ட காலம் காத்திருந்தனர். காத்திருந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதே பணத்தில் எழுதப்பட்ட பொஷ் என்ற தொடுதிரை முகப்பு, இன்று வேறு நிறுவனங்களின் கருவிகளிலும் இலவசமாக ஓடுகிறது; சிறு திரைக்கு ஏற்பச் செயலிகளை ஒடுக்கிக் காட்டும் அவர்களின் நிரல் நூலகம், மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள ஜிநோம் சூழலுக்கே அடித்தளமாக வளர்ந்தது. கருவிக்காகக் கட்டிய பணம் பொதுச்சொத்து ஒன்றை உருவாக்கியது என்று ஆர்வலர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தாம் நன்கொடை கொடுக்கவில்லை, கைபேசிக்கே பணம் கட்டினோம் என்று மற்றவர் சொல்வதிலும் பொய்யில்லை.

ஆர்வத்தின் வேர் சிலாபத்தில் எங்கே இருக்கக்கூடும் என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். இக்கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் கலங்களில் ஏற்கெனவே மின்னணுக் கருவிகள் பல உள்ளன. ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடியைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை இலங்கை மீனுக்குத் தடை விதித்திருந்த காலத்தில், கலக் கண்காணிப்பு முறைமை ஆழ்கடற் கலங்களில் பொருத்தப்பட்டது. கலம் எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியாகத் தெரிவிக்கும் அக்கருவியின் தரவு செல்லும் இடம் கடற்றொழில் திணைக்களத்தின் கண்காணிப்பு நிலையம். அது வேண்டியதே. ஆயினும் தம் கலத்தில் இருக்கும் கருவியில் தம் தேவைக்கு ஒரு வரியைக்கூடக் கடற்றொழிலாளர் மாற்ற முடியாது. எந்த இடத்தில் எந்த மாதத்தில் எந்த மீன் பட்டது என்பதைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி வைத்து, அடுத்த ஆண்டு எடுத்துப் பார்க்கும் பேரேடாக அது ஆவதில்லை.

களப்பின் ஓரத்திலும் ஒல்லாந்தர் கால்வாயை ஒட்டியும் உள்ள இறால் பண்ணைகளின் தேவை இன்னும் கூர்மையானது. 1980களில் வளர்ந்த இத்தொழிலை 1996இல் வெண்புள்ளி நோய் அடித்து வீழ்த்தியது. நோய் ஒரு குளத்திலிருந்து மறுகுளத்துக்குக் கால்வாய் நீரோடு செல்வதால், எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடலாம் என்று வலயம் பிரித்துப் பயிர்க்காலம் வகுக்கப்பட்டது. குளத்து நீரின் உவர்ப்பும், அமிலக் காரத் தன்மையும், கரைந்துள்ள ஒட்சிசனும் ஒவ்வொரு நாளும் அளக்கப்பட வேண்டியவை. அளந்ததைக் கொப்பியில் எழுதுவதோடு அயற்பண்ணையாரோடு பகிர்ந்தால் நோயின் வருகையை முன்கூட்டியே ஊகிக்க முடியும். உணரிகளை நேரடியாக இணைக்கக்கூடிய, பதியும் முறையைப் பண்ணையாரே வகுத்துக்கொள்ளக்கூடிய கையடக்கக் கருவி இங்கே ஆடம்பரப் பொருளாகாது. பைன்போன் என்ற லினக்ஸ் கைபேசியின் முதுகு மூடிக்கு அடியில் துணைக் கருவிகளை இணைப்பதற்கென்றே ஆறு சிறிய உலோக முனைகள் உள்ளன. அவற்றின் வழியே மின்சாரமும் தரவும் போய்வரும்.

மொழியைப் பொறுத்தவரை லினக்ஸுக்கு நிகரில்லை. இலங்கையின் தமிழ்க் கணினித் தரம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் வெளியானது. ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு அதில் இடம்பெற்றுள்ளது. அந்த அமைப்பைத் தம் கைபேசியில் காணாத இலங்கைத் தமிழர், பெருநிறுவனமோ வேறொரு செயலி செய்பவரோ அதைச் சேர்க்கும் வரை பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். லினக்ஸ் கருவியில் அது ஒரு சிறு கோப்பு. எவரும் எழுதிச் சேர்க்கலாம். அயலூரான உடப்பில் தமிழில் பேரேடு எழுதுபவரும் சிலாபச் சந்தையில் சிங்களத்தில் எழுதுபவரும் ஒரே கருவியில் ஒரே தரவைத் தத்தம் மொழியில் பார்க்க, எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இவ்வளவும் உண்மையாயினும், பொதி சிலாபத்துக்கு வந்து சேர்வதில் ஐயவாதியின் வாதம் வலுப்பெறுகிறது. கிக்ஸ்டார்ட்டரில் பொதுவாகத் திட்டம் முடிவடையும் நாளிலேயே அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது. அனுப்புச் செலவும் சுங்கத் தீர்வையும் கருவி வரும்போது பின்னால் வருகின்றன. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ 300 வகைப் பொருள்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. முந்திய ஆண்டில் பணம் கட்டிக் காத்திருந்த இலங்கையர் ஒருவருக்கு, செய்பவரின் தாமதத்தோடு நாட்டின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. வானொலி அலையைப் பயன்படுத்தும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் வேண்டும்; சில ஆயிரம் மட்டுமே செய்யும் சிறு நிறுவனம் இலங்கைக்கென்று அதைப் பெற முயலாது.

பற்றரியின் சிக்கல் தனியானது. தனியாக அனுப்பப்படும் லிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. கருவிக்குள் பொருத்தி அனுப்பலாம். இரண்டு ஆண்டு கழித்து மாற்றுப் பற்றரி வேண்டுமென்றால் அது எளிதில் வராது. உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்த கரையில் பற்றரியும் மின்னேற்றும் துளையுமே முதலில் பழுதாகின்றன என்பது சிலாபத்துக் கைபேசித் திருத்தகம் எதிலும் கேட்டறியக்கூடிய செய்தி. இந்த இடத்தில் பைன்போனின் வடிவமைப்பு மெச்சத்தக்கது. அதன் முதுகு மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால், கைபேசி வானொலி, வைஃபை, ஒலிவாங்கி, கமராக்கள் முதலியவற்றை வன்பொருளிலேயே துண்டிக்கும் ஆறு சிறு ஆளிகளும், கையாலேயே கழற்றக்கூடிய பற்றரியும் தெரியும். அந்தப் பற்றரி சாம்சங் கேலக்ஸி ஜே7 கைபேசியினுடையதோடு ஒத்த வடிவம். அதாவது ஊர்க் கடையிலேயே தேடலாம். 149 டொலர் விலையில் வந்த அக்கருவியின் வேகம் குறைவு, கமரா சுமார், நீர் புகாத பாதுகாப்பு இல்லை. ஆயினும் எட்டத்தில் இருப்பவரை நினைத்துச் செய்யப்பட்ட பொருள் அது.

பைன்போனைச் செய்த பைன்64 நிறுவனமும் 2015இன் இறுதியில் கிக்ஸ்டார்ட்டரில் 1.7 மில்லியன் டொலர் திரட்டியே தொடங்கியது. பின்னர் அந்த வழியை விட்டுவிட்டு, சிறு சிறு தொகுதிகளாகச் செய்து விற்கும் முறைக்கு மாறியது. வெவ்வேறு லினக்ஸ் குழுக்களின் பெயரில் வெளியான தொகுதிகளில் ஒவ்வொரு கருவிக்கும் பத்து டொலர் அந்தந்தக் குழுவுக்குப் போயிற்று. மென்பொருள் முழுமையடையவில்லை என்பதும் விற்கும்போதே சொல்லப்பட்டது. கூட்டு நிதி திரட்டலில் உள்ள நல்லதை, அதாவது ஆர்வலரின் பணம் ஆர்வலரின் உழைப்பைச் சென்றடைவதை வைத்துக்கொண்டு, கண்காணாத வாக்குறுதியைக் குறைத்த முறை இது. சிலாபம் போன்ற ஊருக்குப் பொருந்துவது இதுவே. முதல் தொகுதி வெளிநாட்டுப் பயனரின் கைகளில் ஓராண்டு உழலும் வரை பொறுத்திருந்து, மூலக் கெர்னலில் ஏறியதா என்று பார்த்து, ஆளுக்கொன்றாக வாங்காமல் ஒரு சங்கமாகச் சேர்ந்து இரண்டோ மூன்றோ வாங்கி, சிம்பியூட்டர்காரர்கள் நினைத்ததுபோல் பொதுவில் வைத்துப் பழகுவது பணத்தையும் காக்கும், ஆர்வத்தையும் காக்கும்.

இன்னொன்றும் சொல்லப்பட வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் பணம் கட்ட இலங்கையருக்குத் தடையில்லை. ஆனால் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. சிலாபத்து இளைஞர் ஒருவர் இறால் குளத்துக்கேற்ற கருவியை வடிவமைத்தாலும் அங்கே போய்க் கேட்க முடியாது; பிறர் கனவுக்குக் கொடுக்க மட்டுமே முடியும். அவருக்கு வேண்டிய முதல் பத்துக் கருவிகளின் செலவை, குளங்களை வைத்திருப்பவர்களின் சங்கங்களும் கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்க முடியும். இதே வடமேல் மாகாணத்தில், மாகந்துறையில் வயம்பப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் சார்ந்த பீடம் இருக்கிறது. அளவீடுகள் சரியா என்று சோதித்துச் சொல்ல அங்கே ஆட்கள் உண்டு. திறந்த சுற்றுப்பட வரைபடங்களும் மூலக் கெர்னலும் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படிப் பணம் கட்டும் பண்ணையார், தாமதமானால் களப்புக் கரையில் நேரே போய்க் கேட்கலாம்.